ஒரு வண்டி, பல வழி

வழிதோறும் ஒரு வண்டி வேண்டுமென்பர் நம் நண்பருட் சிலர். தார்ச்சாலைக்கு ஒன்று, மண்வழிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று எனச் சைக்கிள் பல வாங்குதல் செல்வர்க்கு இயலும். விடுதிக் கட்டணத்திற்கே வீட்டாரை நோக்கியிருக்கும் மாணவராகிய நமக்கு இயலுமோ? இயலாதென்பது மட்டுமன்று, அது வேண்டுவதும் அன்று என்பதே எம் துணிபு.

மலைச் சைக்கிளின் பிறப்பே இதற்குச் சான்றாகும். 1970-களில் காலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர், பருத்த டயர் பூண்ட பழைய வண்டிகளைத் தம் கையாலேயே மாற்றியமைத்துத் தமால்பாயிஸ் மலைச்சரிவுகளில் ஓட்டினர். அவ்விளையாட்டே 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

எம் ஊராகிய பெருமாநல்லூரார்க்கு மூவகை வழி உண்டு: சேலம்–கொச்சி நெடுஞ்சாலை, கிளுவை வேலிகளினிடையே செல்லும் இட்டேரி, மேட்டுப்பாளையங் கடந்தால் நீலகிரியின் ஏற்ற இறக்கம். சென்ற ஐப்பசியில் மழை ஓய்ந்த மறுநாள், நெடுஞ்சாலைக்கென இறுகக் காற்றடைத்த டயருடன் இட்டேரியுட் புகுந்தோம். ஈரமண்ணில் வழுக்கி வேலியில் வீழ்ந்தோம். வண்டியைக் கண்ட கடைக்காரர் ஒருவர், "இது இவ்வழிக்கு ஆகாது, வேறு வாங்குக" என்றார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் எம் தந்தையார், தம் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கித் தந்த வண்டி அது. அவர் கோபியாமல், "துணி மாறினால் நூலின் இறுக்கத்தைத்தான் மாற்றுகிறோம், மிஷினையா விற்றுவிடுகிறோம், கண்ணு?" என்றார். அவ்வொரு சொல்லே எமக்குப் பாடமாயிற்று.

அன்றுதொட்டு யாம் கைக்கொண்ட முறை இது. தார்ச்சாலையில் சதுர அங்குலத்திற்கு 40 பவுண்டு காற்று; இட்டேரியில் 30; கல் நிறைந்த சரிவில் 25. முன்சக்கரத்திற்கு இரண்டு பவுண்டு குறைக்கலாம். உடற்பாரம் பெரும்பாலும் பின்னே தங்குதலின் என்க. இவ்வளவு எம் எடைக்கும் இரண்டங்குல டயருக்கும் பொருந்துவது. அவரவர் எடைக்கேற்ப மாறும். மிகக் குறைத்தாலோ, கல்லுக்கும் ரிம்முக்குமிடையே டியூப் நசுங்கிக் கிழியும். முன்கவையின் சுருளைச் சாலையில் பூட்டிவைத்து, மண்வழியில் திறந்துவிடல் வேண்டும். ஏறியமர்ந்தால் அது தன் அசைவில் ஏறக்குறைய நாற்கூற்றில் ஒருகூறு தாழ்தல் நன்று. ஏற்றத்தில் இருக்கை உயர்ந்தும், இறக்கத்தில் ஓரிரண்டு அங்குலம் தாழ்ந்தும் இருத்தல் வேண்டும். நெடிய இறக்கத்தில் இரு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடித்தல் வேண்டும். இடைவிடாது அழுத்தின் அவை சூடேறிப் பிடிப்பிழக்கும். எண்ணெயிற் படிந்த புழுதி சங்கிலியை அரம்போல் அராவுமாதலின், ஓட்டம் முடிந்ததும் பனியன் வேஸ்டால் துடைத்துச் சிறிது எண்ணெயிடல் வேண்டும். அதற்கு எம் ஊரிற் பஞ்சமில்லை.

"பலவற்றிற்குப் பொருந்துவது ஒன்றிலும் சிறவாது" என்று தடை கூறுவாரும் உளர். நொடியைக் கணக்கிடும் பந்தயத்தார்க்கு அஃது உண்மையே. யாமோ பந்தயத்தாரல்லேம், விடுமுறை நாளில் ஊரைச் சுற்றிக் காண விழைவார். எமக்கு வேண்டுவது காற்றடிக்கும் பம்பு, அளவுமானி, இரண்டொரு திருகுசாவி, பஞ்சர் ஒட்டும் பொருள், கால்மணி நேரப் பொறுமை ஆகியவையே.

ஆதலின் நண்பர்காள், புதியதொன்றை வாங்கித் தரும்படி இல்லத்திற்குக் கடிதம் எழுதுமுன், உள்ளதை நன்கு அறிந்தோமா என்று ஒருகால் உசாவுமின். பெற்றோரின் உழைப்பு அவ்வுசாவலுக்குத் தகுதியுடையதன்றோ!