மலை பின்னால இருந்தா போதுமா?

எங்க ஊர் மயிலாடியில உளிச் சத்தம் கேக்காம விடியாது. சின்ன வயசுல சிற்பப் பட்டறைப் பக்கம் வேடிக்கை பாக்கப் போனா, "மக்களே, தள்ளி நில்லு, சில்லு தெறிக்கும்"னு ஒரு மாமா சத்தம் போடுவாரு. சில்லு எந்தப் பக்கம் போகும்னு வருசக்கணக்கா கல்லு கொத்துனவருக்கே தெரியாது. அதனால ரோட்டுப் பக்கமா சாக்கு கட்டித் தொங்க விட்டிருந்தாரு. முதல்ல தகரம்தான் வச்சிருந்தாராம். தகரத்துல பட்ட சில்லு திரும்பி அவரு மேலயே வந்ததும் சாக்குக்கு மாறிட்டாரு :-)

நார்த்தாமலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வருது.

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில, தாத்தா வீட்டுல சாப்பிட்டுக்கிட்டிருந்த 11 வயசுப் பையன் தலையில குண்டு பாய்ஞ்சுது. பக்கத்துல இருக்கிற பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்துல அன்னைக்கு மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினருக்குப் பயிற்சி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணியும், 2022 ஜனவரி 3 அன்னைக்குப் பையன் இறந்துட்டான். தளத்தை மூடினாங்க. முதல்வர் 10 லட்சம் நிவாரணம் அறிவிச்சாரு. நாமளும் நாலு நாள் பேசிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டோம்.

அது குறி தப்பி மேல போன குண்டா, பாறையில பட்டு எகிறின குண்டாங்கிற சண்டையில எனக்கு ஆர்வமில்ல. ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: வெடிச்ச குண்டு தளத்துக்குள்ளேயே அடங்கல. "பின்னால மலை இருக்குல்ல, பத்திரம்தான்"னு சொல்றதை ஏத்துக்கவே முடியாது. நார்த்தாமலை சுத்துவட்டாரம் முழுக்க கருங்கல் குன்று. கருங்கல் குண்டைத் தடுக்குமே தவிர விழுங்காது. அது பெரிய தகரம், அவ்வளவுதான்.

ஒளி கண்ணாடியில பட்டா பட்ட கோணத்துலயே திரும்பும்னு ஸ்கூல்ல படிச்சோம். குண்டு அந்தப் பாடத்தைப் படிக்கல. சாய்வா பாறையில உரசினா நசுங்கி, உருண்டு, எதிர்பாராத திசையில ஓடும். குளத்துல ஓட்டாஞ்சில்லு விடுற மாதிரி தண்ணியில பட்டுக்கூட எகிறும். இன்சாஸ் துப்பாக்கியோட 5.56 மி.மீ. குண்டு கிளம்பும்போது வினாடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகம். பாறையில பட்டு பாதி வேகம் போச்சுன்னே வைங்க. சக்தி கால்வாசியாக் குறைஞ்சிடும், நிஜம்தான். ஆனா மீதி 450 மீட்டர் ஒலியை விட வேகம். 9 மி.மீ. பிஸ்டல் குண்டே அந்த வேகத்துல கிளம்புறதில்ல!

காலேஜ்ல என்.சி.சி.யில பாயிண்ட் 22 ரைஃபிள் சுடக் கூட்டிட்டுப் போனாங்க. ஆளுக்கு அஞ்சே ரவுண்டு. அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் மண்மேட்டுல கல்லு பொறுக்க விட்டாரு ஹவில்தார். அந்த வெயிலுக்கு மனசுக்குள்ள அவரைத் திட்டாத திட்டு இல்ல. குண்டைப் பிடிக்கிற மண்ணுல கல்லு இருக்கக்கூடாது, ஏற்கெனவே புதைஞ்ச குண்டுகள் கட்டியாச் சேர்ந்தாலும் அதுல பட்டுப் புதுக் குண்டு திரும்பும்கிறதெல்லாம் பின்னாடிதான் புரிஞ்சுது. இரும்புத் தகடு இலக்குலயும் இதே கதைதான். தகட்டை முன்பக்கமா சாய்ச்சு மாட்டினா துண்டுகள் தரையைப் பாத்துப் போகும். குழி விழுந்த தகடுன்னா சுட்டவன் மூஞ்சிக்கே வரும். போலீஸுக்கோ படைக்கோ பயிற்சி வேண்டாம்னு நான் சொல்லல மக்கா. சுடத் தெரியாதவன் கையில துப்பாக்கி இருக்கறது இன்னும் ஆபத்து.

சுடுற நாள்ல சிவப்புக் கொடி ஏத்துவாங்க. வீட்டுக்குள்ள சோறு தின்னுக்கிட்டிருக்கிற பிள்ளைக்கு அந்தக் கொடி எங்க தெரியும்? பாறையடியில தளம் வச்சிருந்தா, அங்க குண்டு அதிகபட்சம் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் போகும்னு ஒரு வரைபடம் போட்டு அந்தந்தப் பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டட்டும். அந்த வட்டத்துக்குள்ள ஒரு வீடு இருந்தாலும் மண்சுவரை உயர்த்தணும், மேல தடுப்பு கட்டணும். முடியலன்னா தளத்தை வேற இடத்துக்கு மாத்துங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்லாதீங்க.