டீசலா, பெட்ரோலா... சங்கிலியா?

போன மாதம் மாரண்டஹள்ளியில் மாமியார் வீட்டு விருந்து. இலையில் பாயசம் விழுவதற்குள் மச்சினன் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"மாமா, ஓசூர் வேலையை விடப்போறேன். குட்டியானை ஒண்ணு எடுத்து தக்காளி லோடு அடிக்கலாம்னு இருக்கேன். டீசல் எடுக்கட்டுமா, பெட்ரோல் எடுக்கட்டுமா?"

பாயசக் கரண்டி அந்தரத்தில் நின்றது. நிற்காதா பின்னே? முன்பணத்துக்காக அடகுக் கடைக்குப் போகவிருந்தது அத்தை கழுத்தில் கிடந்த ஆறு பவுன் சங்கிலி!

அந்த நேரம் பார்த்து டல்லாஸிலிருந்து என் சகலை வீடியோ காலில் வந்தார். "மச்சான், கண்ணை மூடிக்கிட்டு காஸ் வண்டி எடு. டீசல் பக்கமே போகாதே!"

"காஸா? சிலிண்டரைக் கட்டிக்கிட்டா ஊரெல்லாம் சுத்துவான்? வேண்டவே வேண்டாம்!" என்று அலறினார் அத்தை. அமெரிக்காவில் பெட்ரோலுக்குப் பெயர்தான் காஸ் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் பாயசம் ஆறிவிட்டது.

சகலை சொன்னது அவர் ஊருக்குச் சரி. அங்கே ஃபோர்டு எஃப்-250 மாதிரி ராட்சத பிக்கப்பில் டீசல் என்ஜின் கேட்டால், அதற்கு மட்டும் பத்தாயிரம் டாலர் அளவில் கூடுதலாக எடுத்து வைக்கவேண்டும். பங்க்கிலும் பெரும்பாலும் டீசல்தான் விலை அதிகம். டல்லாஸ் கணக்கு பாலக்கோடு மண்டிக்கு உதவாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் நேர் எதிர். "லோடு வண்டின்னா டீசல்தான் தம்பி. இதுல என்ன யோசனை?"

அவர் சொன்னதும் சரிதான், 2012-ல்! அந்த மே மாதம் சென்னையில் பெட்ரோல் 77 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 44 ரூபாய்க்குள் கிடைத்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு கைவிட்டது. அதற்குப் பிறகு இடைவெளி சுருங்கிப் போச்சு. 2024 மார்ச்சில் லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைத்தார்களே, அப்போது வித்தியாசம் எட்டு ரூபாய் சொச்சம்தான். பழைய மரியாதை மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டீசலுக்கு அந்த மரியாதை சும்மா வரவில்லை. பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி கொடுத்தால்தான் தீ. டீசலில் பொறியே கிடையாது. காற்றை அழுத்துகிற அழுத்தில் ஏறும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்க என்ஜின் கனமாக இருக்கவேண்டும், அதனால் விலையும் கூடும். ஆனால் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல இழுவை, லிட்டருக்குக் கூடுதல் மைலேஜ். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்ததும் இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல்தான். 2020-ல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு முக்கால் டன் வகையில் பெட்ரோலும் வந்துவிட்டது. ஒன்றரை டன்னைத் தாண்டினால் இன்றும் டீசல் ராஜ்யம்தான்.

"சரி மாமா, முடிவா என்னதான் சொல்றீங்க?"

பி.காம். படித்ததற்கு மாமியார் வீட்டில் முதல் தடவையாக மரியாதை! காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

டீசல் வண்டி ஒரு லட்சம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய், மைலேஜ் 15. டீசல் 92.50, மைலேஜ் 20. கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 6.70 ஆகிறது, டீசலில் 4.60. மிச்சம் 2 ரூபாய் 10 காசு. அந்த ஒரு லட்சம் திரும்பி வர ஏறக்குறைய 47,000 கிலோமீட்டர் ஓடணும்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுவே?"

"இங்க தோட்டத்துல ஏத்தி பாலக்கோடு மண்டியில இறக்கிட்டு வந்தா முப்பது கிலோமீட்டர். மாசம் 25 நாள்."

மாதம் 750 கிலோமீட்டர். ஐந்து வருடம் மூன்று மாதம் ஓட்டினால்தான் அந்த லட்சம் வசூல்! இதே வண்டி தினம் சேலம் போய்வந்தால் 200 கிலோமீட்டர். பத்தே மாதத்தில் வசூல். ஆக, சேலம்காரனுக்கு டீசல், பாலக்கோடுகாரனுக்குப் பெட்ரோல். போதாததற்கு, பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் உண்டு. நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அந்தக் கரி எரியும். குட்டிக் குட்டி நடையாகவே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும்.

"அதோட இன்னொண்ணு. டீசல் இழுக்குதேன்னு முப்பது கிரேட் ஏத்துற இடத்துல அறுபது ஏத்தாதே. தொப்பூர் கணவாய் இறக்கத்துல பிரேக்குக்கு டீசல், பெட்ரோல் எல்லாம் தெரியாது. எடை மட்டும்தான் தெரியும்."

ஆனால், முக்கியமான பாடம் இன்னும் பாக்கி. அந்த லட்சத்தையும் கடனாக வாங்கினால், 12 சதவீத வட்டியில் நான்கு வருடத்துக்கு மாதம் 2,600 ரூபாய் சொச்சம் தவணை. 750 கிலோமீட்டரில் டீசல் மிச்சம் பிடிப்பது 1,575. ஆயிரம் ரூபாய் கையை விட்டுப் போகிறது! அதுவும் வண்டி ஓடுகிற மாதத்தில்.

தக்காளி குணம் தெரியாதா? 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஆட்டம் போட்டது. விலை விழுந்தாலோ பறிகூலிக்கே கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த மாதம் லோடு கிடையாது. வண்டி நின்றால் பெட்ரோல் செலவும் நிற்கும்; தவணை நிற்காது. வருமானம் ஆடுகிற தொழிலில் நிலையான செலவைக் குறைத்துக்கொள், ஓடினால் ஆகிற செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. காலேஜில் மூன்று வருடம் புரியாதது எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

"மாமா, 750 கிலோமீட்டர்ங்கறதே நான் குத்துமதிப்பா சொன்னதுதான்..." என்று இழுத்தான்.

"அப்போ வேலையை விடாதே. பத்து நாள் லீவு போடு. வாடகைக்கு வண்டி எடு. நாற்பது பக்க நோட்டுல தினம் கிலோமீட்டரும் கிடைச்ச வாடகையும் எழுது. அப்புறம் டீசலா பெட்ரோலான்னு நோட்டே சொல்லும்."

நேற்று போன் செய்தான். பத்து நாளில் லோடு கிடைத்தது ஆறு நாள். ஓடியது மொத்தம் 190 கிலோமீட்டர்.

"இப்போதைக்கு ஓசூர் வேலைக்கே போறேன் மாமா. அடுத்த சீசன்ல மறுபடி ஒரு மாசம் ஓட்டிப் பார்க்கறேன். எடுத்தா பெட்ரோல்தான்."

பின்னால் அத்தையின் குரல் கேட்டது. "மாப்பிள்ளையை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுடா. அன்னைக்கு பாயசம் ஆறிப்போச்சு, சூடா ஒரு தடவை வெச்சுத் தரேன்!"

ஆறு பவுன் சங்கிலிக்கு ஒரு டம்ளர் பாயசம். எனக்கு இதுவும் லாபக் கணக்குதான்!