வெள்ளீயப் பதக்கம்

படைத்தலைவர்களின் புகழ்பாடும் பழைய பதக்கங்களைத் தேடிச் சேர்ப்போர், தமது பொழுதுபோக்கு அரசியலுக்கு அப்பாற்பட்டது என்பர். உலோகத்தையும் கைவினைத்திறனையுமே தாம் நேசிப்பதாகவும், போரோடு தமக்கு உறவில்லை எனவும் வாதிடுவர். இவ்வாதம் எத்துணை பொருந்தும் என்பதை அப்பதக்கங்களைக் கொண்டே பார்ப்போம்.

1792இல் மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் திப்பு சுல்தான் தன் நாட்டிற் பாதியை இழந்தான்; மூன்று கோடி முப்பது இலட்சம் ரூபா தண்டம் செலுத்த உடன்பட்டான்; தன் மைந்தர் இருவரைப் பிணையாக ஒப்படைத்தான். இவ்வெற்றியைக் கொண்டாடும் பதக்கத்தைக் கியூக்லர் என்னும் கலைஞன் செதுக்க, பேமிங்ஹாமில் போல்ற்றனின் சோஹோ ஆலை அடித்து வெளியிட்டது. ஒருபுறம் கோர்ன்வாலிஸின் உருவம். மறுபுறம் அவன் பிணைச் சிறுவரை ஏற்கும் காட்சி. பிள்ளைகளைப் பறித்த செயல் அங்கே பெருந்தன்மையாகிவிட்டது! அதே கோர்ன்வாலிஸ் 1781இல் யோர்க்டவுனிற் சரணடைந்தவன் என்பதை அப்பதக்கம் சொல்லாது.

1799 மே 4இல் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டான். கிழக்கிந்தியக் கம்பனி அதே கலைஞனைக் கொண்டு தன் படையினருக்குப் பதக்கம் செய்வித்தது. திப்புவின் சின்னமான புலியைப் பிரித்தானியச் சிங்கம் வீழ்த்தும் காட்சி அதிலுண்டு. ஆயினும் உருவத்தினும் உலோகமே உண்மை பேசுகிறது. தளபதிகளுக்குப் பொன், மேல்நிலை அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, கீழ்நிலை அதிகாரிகளுக்கு வெள்ளி, அவர்க்கும் கீழான சிறுதலைவர்களுக்கு வெண்கலம், சாதாரணப் போர்வீரனுக்கும் சிப்பாய்க்கும் வெள்ளீயம். சென்னைப் படையின் சிப்பாய்களுள் தமிழரும் இருந்தனர். அயல்நாட்டான் ஆதிக்கத்துக்காக அண்டை நாட்டானைக் கொல்லச் சென்றவர்க்குக் கிடைத்த கைம்மாறு அவ்வெள்ளீயமே. வர்க்க சமுதாயத்தின் இலக்கணத்தை இதனினும் தெளிவாக எந்நூல் எடுத்துரைக்கும்?

இன்றைய ஏலக்கூடத்திலும் பொன்னே முதன்மை பெறுகிறது. கம்பனி மறைந்து நெடுங்காலமாகியும், அது வகுத்த தரவரிசையைச் சேகரிப்பாளர் பேணி வருகின்றனர்.

இவற்றை உருக்கிவிடுக என நாம் கூறவில்லை. சான்றை அழிப்பவன் குற்றவாளிக்கே துணைபோகிறான். பதக்கங்கள் காக்கப்படட்டும், ஆனால் பட்டு விரித்த பேழையிலிருந்து வெளியே வரட்டும். ஐவகை உலோகத்தையும் ஆசிரியர் மாணவர்முன் வரிசையாக வைக்கட்டும். இதைப் பெற்றவன் யார்? எதற்காகப் பெற்றான்? இதன் விலையைச் செலுத்தியவர் எவர்? இவ்வினாக்களை எழுப்பாத சேகரிப்பு, வென்றவனுக்குச் செய்யும் ஊழியமே ஆகும்.