டேங்குக்குப் பெயின்ட் மட்டும் போதாது

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் முதல் விஜயந்தா டேங்க் உருவானது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து டரட் (பீரங்கியோடு சுழலும் மேற்கூடு) பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்தவன் நான். இப்போது அந்த விஜயந்தாக்கள் படையிலிருந்து ஓய்வு பெற்று, நினைவிடங்களிலும் கல்வி நிலைய வாசல்களிலும் நிற்கின்றன. அவற்றைச் ‘சீரமைக்கும்’போது எங்களைப் போன்ற பழைய ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பெயின்ட் வேலைதான் நடந்திருக்கிறது.

அண்மையில் ஓரிடத்தில் பச்சை பளபளக்க ஒரு விஜயந்தா நின்றது. உள்ளே இறங்கி, பீரங்கியை ஏற்றி இறக்கும் ஹேண்ட் வீலைப் பிடித்தேன். இரண்டு கையாலும் அசைக்க முடியவில்லை. வெளியே ஒருவர் உதவி செய்வதாக நினைத்து, குழல் முனைக்கு அடியில் ஜாக்கி வைக்கத் தொடங்கிவிட்டார். ஓடிப்போய் நிறுத்தினேன். வீல் சுற்றினால் பீரங்கி ஏறும். பீரங்கியைத் தூக்கினால் வீல் சுற்றாது. நடுவில் இருக்கும் வார்ம் கியர் அப்படிப் பூட்டிக்கொள்ளும். மீறித் தூக்கினால் பல்தான் உடையும், அந்தப் பல்லுக்கு இன்று மாற்று கிடைப்பது லேசல்ல.

இறுக்கம் எங்கே என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். குழலுக்கு உறுதியாக முட்டுக் கொடுத்துவிட்டு, கியர் பெட்டியைத் தனியே கழற்றிச் சுற்றினோம். அதுவே நகரவில்லை. திறந்தால், பழைய கிரீஸ் காய்ந்த சோப்புக் கட்டி போல் பல்லிடுக்கில் உறைந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளை பிரஷால் தேய்த்து எடுத்தோம். பினியன் கடிக்கும் வளைவுப் பல்சட்டத்தில் இன்னொரு கொடுமை: டரட்டின் உட்புறத்துக்கு வெள்ளை ஸ்ப்ரே அடித்தவர்கள் பல்லுக்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். ஒவ்வொரு பல்லாகச் சுரண்ட வேண்டியிருந்தது.

எல்லாம் பூட்டிய பிறகும் ஏற்றும்போது கனம், இறக்கும்போது லேசு. இது துருவின் குணமல்ல. இனி சுட முடியாதபடி குழலின் பின்வாயை மூடும் பிரீச் பிளாக்கை எடுத்துவிட்டதால் 105 மி.மீ. பீரங்கி முன்பாரமாகிவிட்டது. பின்னால் இரும்புத் தகடுகளை எடை பார்த்துக் கட்டியதும் வீல் ஒரு கைக்கு அடங்கியது.

சுடாத பீரங்கி ஏறி இறங்கி என்ன ஆகப் போகிறது என்று கேட்கிறார்கள். அந்த வீல்தான் ஒரு கன்னரின் வேலை. மின்சாரம் போனால் அவர் கையும் இந்தப் பல்லும்தான் மிச்சம். அதைத் தொட்டுச் சுற்றிப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கு, சுவரில் மாட்டிய பலகை சொல்லாதது புரியும். அசையாத கியரில் ஈரம் தங்கித் துரு தின்பது வேறு. வெளிநாட்டில் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? 1943இல் துனிசியாவில் பிரிட்டிஷ் குண்டுபட்டு, பீரங்கியை ஏற்றி இறக்கும் பொறி கெட்டுக் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் டைகர் 131ஐ இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் பல ஆண்டு உழைத்து மீண்டும் ஓட வைத்திருக்கிறார்கள். எதிரியின் வண்டிக்கே அந்த மரியாதை. விஜயந்தா நம் கை செய்தது.

நான் பார்த்த சீரமைப்பு டெண்டர்களில் எத்தனை கோட் பெயின்ட், பீடத்துக்கு என்ன கல் என்று விவரமாக இருக்கிறது. கியருக்கு ஒரு வரி இல்லை. பீரங்கி கீழிருந்து மேல்வரை ஒரு கையால் ஏற வேண்டும் என்று எழுதுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் சுற்றி கிரீஸ் வைக்க ஓர் ஆளை நியமியுங்கள். டரட் வேலை தெரிந்தவர்கள் ஆவடியைச் சுற்றி இன்னும் இருக்கிறோம். எங்களுக்கும் வயதாகிறது, இப்போதே இளம் ஃபிட்டர்களை எங்களோடு நிறுத்துங்கள். கடைசி பில்லில் கையெழுத்துப் போடும் அதிகாரி, அதற்கு முன் டரட்டுக்குள் இறங்கித் தானே வீலைச் சுற்றிப் பார்க்கட்டும்.