பூதங்கள் நெல் விளைக்குமா?

உலகத்தின் ஜனத்தொகை 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் 800 கோடியைத் தொட்டுவிட்டதென்று ஐக்கிய நாடுகள் சபை கணக்குச் சொன்னது முதல், இத்தனை வாய்க்கும் சோறு எங்கிருந்து வருமென்று கவலைப்படுகின்றவர்கள் பெருகியிருக்கின்றார்கள். கவலை நியாயமானதே. ஆனால் சிதம்பரம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு வெகு காலமாகவே ஒரு பதில் கதையாக நடமாடி வருகின்றது.

நந்தனார் கதையைத்தான் சொல்லுகின்றோம். தீண்டாதவரென்று ஒதுக்கப்பட்டிருந்த நந்தனார் தில்லைக்குப் போக உத்தரவு கேட்டாராம். பண்ணைக்கார வேதியர், 40 வேலி நிலத்தின் சாகுபடியை முடித்துவிட்டுப் போ என்றாராம். இரவோடிரவாகச் சிவனுடைய பூதகணங்கள் வந்து விளைத்துக் கொடுத்துவிட்டனவாம்! பெரிய புராணத்தில் இந்த வேதியரும் இல்லை, 40 வேலியும் இல்லை. 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்த சரக்கு இது. 40 வேலி என்றால் ஏறக்குறைய 266 ஏக்கர். அவ்வளவையும் ஒரே ராத்திரியில் விளைக்கத் தெரிந்த கடவுள், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் செத்தபோது எங்கே போயிருந்தார்? பூதங்களுக்கு அப்போது வேறு பண்ணையில் வேலையோ?

இதில் நாம் காண்கின்ற பெரிய மோசம் அந்த அற்புதமல்ல. நாற்றுப் பிடுங்கி, குனிந்து நட்டு, களையெடுத்து, அறுத்து, அடித்துக் குவித்த கைகளைக் கதையிலிருந்தே அழித்து, அவர்கள் பாட்டைப் பூதத்தின் கணக்கில் எழுதிவிட்டதுதான் மோசம்.

நிற்க, இந்தப் பக்கத்தில் நெல் உண்மையில் எப்படி விளைகின்றது? 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணையிலிருந்து தண்ணீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு வந்து, ஏறக்குறைய 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கின்றது. 2004 முதல் அதே ஏரியிலிருந்து சென்னைப் பட்டணத்துக்குக் குடிதண்ணீரும் போகின்றது. பட்டணத்தார் குடிக்கக் கூடாதென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் வாய்கள் பெருகித் தண்ணீரும் பங்கு போகின்றபோது, குறைந்த தண்ணீரில் கூடுதல் நெல் எடுத்துத்தானே ஆகவேண்டும்?

அதற்கு வழி இருக்கின்றது. ஒற்றை நாற்று நடவு என்று குடியானவர்கள் சொல்லும் முறையில், 14 நாள் நாற்றைக் கால் மீட்டருக்கு ஒன்றாகச் சதுரமாக நட்டு, வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சி, கோனோவீடர் உருட்டிக் களையைச் சேற்றிலேயே அமுக்குகின்றார்கள். 25 கிலோ விதை விட்ட ஏக்கருக்கு 2, 3 கிலோ போதும். வேருக்குக் காற்று கிடைப்பதால் தூர் நன்றாக வெடிக்கின்றது. 1980-களில் மடகாஸ்கர் தீவில் இதை உருவாக்கியவர் லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். பாதிரியாரேயானாலும் அவர் இதைப் பைபிளில் கண்டெடுக்கவில்லை. வயல்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழக விவசாயப் பகுதியார், நெல்வயலுக்குள்ளேயே மீன் விட்டு, மேலே கோழிக் கூண்டு கட்டி, எச்சம் மீனுக்கு இரையாகவும் பயிருக்கு எருவாகவும் ஆகும்படி செய்து காட்டியிருக்கின்றார்கள். இவற்றில் எந்தப் பூதம் வந்து கைகொடுத்தது?

விளைச்சல் பெருகினால் மட்டும் பசி தீர்ந்துவிடாது. 1943-ல் வங்காளத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் மாண்டார்கள். அங்கே அரிசி அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. விலை ஏறிற்று, கூலிக்காரனிடம் காசில்லை.

14 நாள் நாற்றை வேர் அறாமல் எடுத்து நடத் தெரிந்தவர் யார்? கூலிக்கு வரும் பெண். நிலம் யார் பேரில் இருக்கின்றது? 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் செய்தபோதுகூடப் பொது மத தர்ம நிலங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். மனிதனுக்குத்தான் வரம்பு, சாமிக்கு இல்லை! எப்போது பாய்ச்சுவது, எப்போது காயவிடுவது என்று தீர்மானிப்பவன் ஒருவன், சேற்றில் நிற்பவள் வேறொருத்தி என்றிருக்கும்வரை எந்தப் புது முறை வயலில் நிலைக்கும்?

ஆகவே, கோயில், மடங்களின் வயல்களைக் குத்தகைக்கு விடும்போது நிலமில்லாத கூலிகளின், முக்கியமாக ஆதிதிராவிடப் பெண்களின், கூட்டுறவுச் சங்கங்களுக்கே முதல் உரிமை என்று சட்டசபை சட்டம் செய்யவேண்டும். கடலூர் ஜில்லாத் தோழர்கள் வரும் நடவுக்கு முன்பாகவே கிராமந்தோறும் கூட்டம் போட்டு, இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றி அரசாங்கத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.