போலியைத் திருப்பிக் கொடுப்பவர்கள்

பிரசங்க மேடைகளில் அடிக்கடி காதில் விழும் உவமை ஒன்று. வங்கியில் கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க எப்படிப் பழக்குகிறார்கள் தெரியுமா? கள்ளநோட்டைக் கண்ணில் காட்டவே மாட்டார்கள். நல்ல நோட்டையே திரும்பத் திரும்ப எண்ணச் சொல்வார்கள். நல்லதில் விரல் பழகிவிட்டால் கள்ளம் தானாகப் பிடிபடும். ஆகவே, சகோதரரே, கள்ளப் போதனையை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். வேதத்தை வாசியுங்கள், போதும்.

நான் வங்கிக் குமாஸ்தா. பதினோரு வருஷமாக அணைக்கட்டுப் பக்கத்தில் ஒரு கிளையில் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த உவமை பொய். நல்ல நோட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதோடு, போலியில் எது எப்படிப் பிசகும் என்பதையும் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்: நூல், நீர்க்குறி, விரலில் தட்டுப்படும் மேடான அச்சு, புற ஊதா விளக்கில் தெரிவதும் தெரியாததும். போலியைப் பார்க்காதவன் போலியைப் பிடிக்கமாட்டான். பொய்யான ஓர் உவமையைக் கொண்டு பொய்யை ஆராயாதே என்று போதிப்பது எவ்வளவு வசதியான காரியம்!

வங்கியில் இன்னொரு விதி உண்டு. அதை எந்தப் பிரசங்கியும் உவமையாக எடுத்து நான் கேட்டதில்லை. கவுன்டருக்கு வந்த கள்ளநோட்டைக் கொண்டுவந்தவர் கையில் திருப்பிக் கொடுக்கக்கூடாது. முத்திரை குத்தி, பறித்து வைத்துக்கொண்டு, ரசீது தரவேண்டும். ஒரே தடவையில் நான்கு நோட்டு வரை என்றால் மாதாந்தர அறிக்கையில் போலீசுக்குச் சொல்ல வேண்டும். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் முதல் தகவல் அறிக்கை. பறிக்காமல் விட்டால் கள்ளநோட்டுப் புழக்கத்துக்கு வங்கியே உடந்தை என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. கொண்டுவந்தவரைத் திருடர் என்று இந்த விதி சொல்லவில்லை. அநேகமாக அவர் ஏமாந்தவர். அவர் மனம் நோகுமே என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தால், அடுத்து ஏமாறப்போகிறவருக்கு நாம்தான் ஏற்பாடு செய்கிறோம்.

நம் சபைகள் திருப்பிக் கொடுக்கின்றன. அன்பின் பெயரால், ஐக்கியத்தின் பெயரால், பேசாமல் திருப்பிக் கொடுக்கின்றன. என் குற்றச்சாட்டு இவ்வளவுதான்.

நானும் திருப்பிக் கொடுத்தவன்தான். என் சித்தி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருஷம் மேல்தோல் தைத்தவள். விடிவதற்குள் கம்பெனி பஸ், இருட்டியபின் வீடு. வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணத்தை எங்கள் கிளையில்தான் டெபாசிட் போட்டாள். ஒரு நாள் கெடு முடியுமுன்பே அதை உடைக்க வந்தாள். நாற்பதாயிரம். விதைக் காணிக்கை என்றாள். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் கூடும் ஒரு கூட்டத்தின் போதகர், விதைத்தவனுக்கே அறுப்பு என்று சொல்லியிருந்தார். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுவது அவிசுவாசம் என்றும் சொல்லியிருந்தார். இரண்டும் எனக்குத் தெரியும். ஃபாரத்தில் கையெழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், சரியாக இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன். நோட்டுகளெல்லாம் நல்ல நோட்டுகள்.

எட்டு மாதம் கழித்துக் காலில் கருவேல முள் குத்தியது. குத்தியது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. போதகர் வந்து பார்த்தார். விசுவாசத்தில் எங்கோ ஓட்டை இருந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தப் போதனையின் அமைப்பைக் கவனியுங்கள். குணமானால் போதகரின் வரம்; குணமாகாவிட்டால் நோயாளியின் அவிசுவாசம். எந்த நிகழ்ச்சியாலும் தோற்கடிக்க முடியாத வாக்கியம் இது. தோற்க முடியாத வாக்கியத்துக்கு உண்மையாக இருக்கும் சாத்தியமும் கிடையாது. இதைச் சொல்ல இறையியல் பட்டம் வேண்டியதில்லை. மொழியின் மேல் கொஞ்சம் மரியாதை இருந்தால் போதும்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், பன்னிரண்டாம் அதிகாரத்தில், ஒன்பது வரங்களின் பட்டியல் இருக்கிறது. குணமாக்கும் வரம் உண்டு, அற்புதம் உண்டு, தீர்க்கதரிசனம் உண்டு, பாஷைகள் உண்டு. தீர்க்கதரிசனத்துக்கும் பாஷைகளுக்கும் நடுவில், தப்பிக்க இடமில்லாமல், ஆவிகளைப் பகுத்தறிதல் என்ற வரம் உட்கார்ந்திருக்கிறது. சுவரொட்டிகளைப் பாருங்கள். மற்ற வரங்களெல்லாம் எட்டு வர்ணத்தில் இருக்கும். பகுத்தறியும் வரம் பெற்ற சகோதரர் வருகிறார் என்று ஒரு சுவரொட்டியை நான் பார்த்ததில்லை. யாரும் அவரை அழைக்கமாட்டார்கள்.

பகுத்தறிதல் என்ற சொல் நம்முடைய பழைய திருப்புதலில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பகுத்தறிவு என்றவுடன் கிறிஸ்தவனுக்குக் கறுப்புச் சட்டைதான் ஞாபகம் வருகிறது. பெரியார் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். நாம் அதைத் தேடிப் போகவே இல்லை. ஆவியானவர் தந்ததாக நம் வேதமே சொல்லும் ஒரு வரத்தை நாஸ்திகரின் உடைமை என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்தப் பெரியார் 1973 டிசம்பர் 24-ல் இறந்தது வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில். பகுத்தறிவுக்காரரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட கிறிஸ்தவம் ஒன்று இதே ஊரில் இருந்தது என்பதை நாம் மறந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் தொடக்கமே ஒரு பகுத்தறிதல்தான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்தார்கள். ஆண் டாக்டரை உள்ளே விட அவர்கள் வீட்டார் சம்மதிக்கவில்லை. அங்கே இருந்த ஐடா ஸ்கடர் அதைத் தேவனுடைய அழைப்பு என்று எடுத்துக்கொண்டார். அந்த அழைப்பு அவரைக் கொட்டகை போடச் சொல்லவில்லை. மருத்துவம் படிக்கச் சொல்லியது. படித்துத் திரும்பி 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். அந்த வளாகத்துக்குள் ஜெப ஆலயமும் இருக்கிறது, மருந்துக் கடையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அவிசுவாசி என்று அழைத்துக்கொள்வதில்லை.

கொட்டகைகளை மட்டும் திட்டுவது எனக்கு நோக்கமில்லை. வசீகரமான மொழி உள்ளவரும் தவறலாம் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. திருவிதாங்கூரில் வித்வான்குட்டி என்று அறியப்பட்ட ஜஸ்டஸ் ஜோசப், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர், அசலான கவி. அவருடைய கீர்த்தனைகளை மலையாளச் சபைகள் இன்னும் பாடுகின்றன. 1881-ல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அவருடைய இயக்கம் அறிவித்தது. அந்த வருஷம் வந்தது, போயிற்று. தவறிவிட்டோம் என்று இயக்கம் கலைந்துவிடவில்லை; வேறு பெயரில் வேறு சபையானது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தாருக்கு 1844 அக்டோபர் 22 இப்படித்தான் கடந்துபோனது. பாட்டு நின்றது, வாக்கு தவறியது. கவிதை எழுதும் நாம் இதை இரண்டு தடவை யோசிக்க வேண்டும். சொல்லின் அழகு சொல்லின் உண்மைக்கு ஜாமீன் ஆகாது.

இதற்குச் சபைகள் வைத்திருக்கும் பதில்கள் எனக்குத் தெரியும். அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்பது ஒன்று. சவுலைக் கொல்ல மறுத்த தாவீதைத்தான் காட்டுவார்கள். அந்தத் தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்தெடுத்து, வெளியே வந்து, படை முழுவதும் கேட்க, நீர் எனக்குச் செய்வது அநியாயம் என்று கூவினான். கை வைக்காதே என்பது வாய் திறக்காதே என்பதல்ல. விமர்சனம் பொறாமையிலிருந்து வருகிறது என்பது இன்னொன்று. எரேமியாவைப் படியுங்கள். இரண்டே வருஷத்தில் விடுதலை என்று அனனியா ஆலயத்தில் அறிவித்தபோது எரேமியா முதலில் ஆமென் என்றுதான் சொன்னான். அது நடக்கவேண்டும் என்று அவனுக்கும் ஆசை. ஆசைப்பட்டும் அது பொய் என்று பிறகு அவன் சொல்ல வேண்டியிருந்தது. பகுத்தறிதல் பகைவனின் வேலையல்ல. தனக்கும் பிரியமான ஒரு பொய்யைக் கைவிடுகிறவனின் வேலை.

ஆதிச் சபைக்கு இதில் கூச்சம் இருக்கவில்லை. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்ற பழைய கைநூல், 1873-ல் கையெழுத்துப் பிரதியாகக் கண்டெடுக்கப்பட்டது, சுற்றித் திரியும் தீர்க்கதரிசிகளுக்கு அளவுகோல் வைக்கிறது: மூன்று நாள் தங்கினால் கள்ளன், பணம் கேட்டால் கள்ளன். எங்கள் கிளையின் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது.

என் சபையையும் விடுவதற்கில்லை. நான் சி.எஸ்.ஐ.யில் ஞானஸ்நானம் பெற்றவன். சித்தியும் அப்படித்தான். அவள் ஏன் கொட்டகைக்குப் போனாள்? அங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், முன் வரிசையில் உட்காரவைத்தார்கள், ராத்திரி பத்து மணிக்கும் ஜெபிக்க வந்தார்கள். நாங்கள் கமிட்டித் தேர்தலில் இருந்தோம். சேரிப் பெண்ணொருத்திக்கு அந்தக் கொட்டகை கொடுத்த கௌரவம் நிஜமானது. அதைப் போலி என்று நான் சொல்லமாட்டேன். நல்ல நோட்டுகளுக்கு நடுவில்தானே கள்ளநோட்டைச் செருகுகிறார்கள்.

இந்தப் பக்கத்தில் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்குக் கையிலும் காலிலும் புண் வரும். கொட்டகையில் அதற்குச் சாபம் என்று பெயர், செய்வினை என்று பெயர். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் பாலாற்றுக்கும் இந்த மண்ணுக்கும் நேர்ந்ததன் காரணத்தைப் பெயர் சொல்லி எழுதியது: தோல் பதனிடும் கழிவு. கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்றது. குரோமியத்தைப் பிசாசு என்று அழைத்தால் யாரும் யாருக்கும் ஈடுகட்ட வேண்டியதில்லை. கள்ளப் போதனை முதலில் பொருள்களின் பெயரை மாற்றுகிறது. அதனால் லாபம் அடைகிறவர்கள் கொட்டகைக்கு வெளியேயும் இருக்கிறார்கள்.

இது அவர்கள் வீட்டு விவகாரம், நம் பத்திரிகையில் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நம் வீட்டு விவகாரம் என்ன வாழ்கிறது? நாம் ஐம்பது பேர். ஒருவருடைய மோசமான தொகுப்பை மற்றவர் மௌனத்தால் ஆசீர்வதிக்கிறோம். முன்னுரையில் தீர்க்கதரிசனம் சொல்கிறோம். வாசகனுக்குப் புரியவில்லை என்றால் அவனுடைய நுண்ணுணர்வில் ஓட்டை என்கிறோம். இந்த வாக்கியத்தை நான் வேறு எங்கோ கேட்டிருக்கிறேன்.

1940-களின் பிற்பகுதியில் வேலூரில் பால் பிராண்ட் என்ற சர்ஜன் குஷ்டரோகிகளின் கைகளைப் பரிசோதித்தார். விரல்கள் நோயினால் அழுகி விழுவதாகத்தான் உலகம் நம்பியிருந்தது. அவர் கண்டது வேறு. நோய் உணர்ச்சியைக் கொல்கிறது. வலி தெரியாத கை சூட்டிலும் வெட்டிலும் தன்னையே அழித்துக்கொள்கிறது. சித்தியின் பாதத்தில் நடந்ததும் அதுதான். சபைக்கு வலி தெரியவேண்டும். யாராவது ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அவரைச் சபையைக் கெடுப்பவர் என்கிறார்கள்.

போன மாதம் சித்தி கட்டைக்காலோடு கவுன்டருக்கு வந்தாள். பத்தாயிரத்துக்கு ஃபாரம் எழுதியிருந்தாள்.

"இன்னாத்துக்கு சித்தி?" என்று கேட்டேன். பதினோரு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏன், உன் பணமா?" என்றாள்.

இல்லை. அன்றும் எண்ணித்தான் கொடுத்தேன். ஆனால் அதற்குமுன் கவுன்டரை விட்டு எழுந்து வெளியே வந்து, அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, கொட்டகையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கோபமாகத்தான் போனாள். இந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போகவேண்டும்.