ஆல்பம் ஓடியது, இசை?

1996 மார்ச்சில் ஹவானாவின் எக்ரெம் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு மாலி நாட்டுக் கலைஞர்கள் வருவதாக ஏற்பாடு. அவர்களால் வர முடியவில்லை. கூடம் கையில் இருந்ததால், அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் உள்ளூர் மூத்த பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் வைத்துப் பதிவு செய்தார். 1997-இல் வெளியான அந்த ‘புயேனா விஸ்டா சோஷியல் கிளப்’ ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றது, கிராமி வாங்கியது, இயக்குநர் விம் வெண்டர்ஸ் கையில் படமும் ஆனது. கியூப இசைக்கு உலகம் முழுக்க நிரந்தர ரசிகர்களைத் தேடித்தந்த ஆல்பம் என்று இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். இதை அப்படியே ஏற்பதற்கில்லை.

அதே கூடத்தில், அதே நாட்களில் இன்னும் இரண்டு ஆல்பங்கள் பதிவாயின. ஒன்று, வீட்டில் பியானோகூட இல்லாதிருந்த பியானோ கலைஞர் ரூபென் கொன்சாலெஸின் பெயரில் வந்த ஆல்பம். மற்றொன்று, பழையவர்களோடு இளையவர்களும் சேர்ந்த ஆப்ரோ-கியூபன் ஆல் ஸ்டார்ஸ் குழுவினுடையது. இரண்டும் நன்றாகவே வரவேற்கப்பட்டன; ஆனால் புயேனா விஸ்டாவை வாங்கியவர்களில் எத்தனை பேர் பக்கத்து அறைக்கு வந்தார்கள்? அப்போது ஹவானா இளைஞர்களை ஆடவைத்தது டிம்பா என்ற நடன இசை. லோஸ் வான் வான் போன்ற குழுக்கள் உச்சத்தில் இருந்தன. அவற்றின் பக்கம் அந்தக் கூட்டம் திரும்பவே இல்லை.

காரணம், விற்ற விதம். ‘மறக்கப்பட்ட முதியவர்கள் மீட்கப்பட்டார்கள்’ என்ற கதைதான் சரக்கு. உண்மையில் ஆல்பத்தில் பாடிய எலியாதெஸ் ஒச்சோவா பல்லாண்டுகளாகக் குழு நடத்திவந்தவர். இன்னொரு பாடகர் கொம்பாய் செகுண்டோ ஆல்பத்துக்கு முன்பே ஸ்பெயினில் மேடையேறியவர். ஆளாளாகத் தேடிக் கலைஞர்களைச் சேர்த்த ஹுவான் தெ மார்கோஸ் கொன்சாலெஸின் பெயரைச் சொன்னால் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? கடந்தகால ஏக்கத்தை வாங்கியவருக்கு அந்த இசை இன்று எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றாது.

வருமானத்துக்காக ஷூ பாலிஷ் போட்ட, ஆல்பத்தின் பாடகர்களில் ஒருவரான இப்ராஹிம் ஃபெர்ரர் 1998-இல் கார்னகி ஹாலில் பாடியது பெரிய விஷயம்தான். அந்தக் கலைஞர்களுக்குக் கிடைத்த கடைசிக்கால வாழ்வைக் குறைத்துப் பேசுவது அநியாயம். ஆனால் ஒரு இசைவகைமேல் ஆர்வம் நிலைக்க, அதை வாசிப்பவர்கள் ஊர் ஊராக வந்துபோக வேண்டும். அடுத்த தலைமுறை மேடையேற வேண்டும். கற்றுத்தர ஆள் வேண்டும். ஆல்பத்தில் லாபம் பார்த்த நிறுவனங்களும் விழாக்காரர்களும் இதற்குத்தான் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

கலைஞர்கள் வந்துபோக முடியாமல் போனதில் அரசுகளுக்கும் பங்குண்டு. 2004-இல் ஃபெர்ரருக்கு மீண்டும் கிராமி கிடைத்தது. விழாவுக்குப் போக விசா கேட்டார், அமெரிக்கா மறுத்துவிட்டது.